டார்ட்டரி பக்வீட்: ஆராய்ச்சி என்ன சொல்லுது, எப்படி சாப்பிடுறது, நம்ம தருமபுரி கிருஷ்ணகிரி பக்கம் விளையுமா – முழுமையான வழிகாட்டி

கொஞ்ச நாளா பாலக்கோடு, ராயக்கோட்டை, ஓசூர் பக்கம் யாரைப் பார்த்தாலும் "அந்த கருப்பு பக்வீட் டீ குடிச்சா சுகர் இறங்குதாமே, உண்மையா"ன்னு கேக்குறாங்க. அவங்க கருப்பு பக்வீட்னு சொல்றது தான் டார்ட்டரி பக்வீட். நான் சிறுதானியம் வாங்கி மாவு அரைச்சு விக்கிற தொழில்ல இருக்குறதால இந்தக் கேள்வி தினமும் வருது. கூடவே இன்னொரு கேள்வியும் வருது, நம்ம தளி பக்கமும் வத்தல்மலையிலயும் இதைப் போட்டா வருமான்னு. ரெண்டுக்கும் ஒத்த வரியில பதில் சொல்ல முடியாது, அதனால தான் படிச்சதையும் யோசிச்சதையும் வரிசையா எழுதுறேன். தமிழ்நாட்டுல 14.4 சதவீதம் பேருக்கு சர்க்கரை நோய் இருக்குன்னு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு 2023ல சொல்லிச்சு, இவ்ளோ பேர் பயந்துகிட்டு இருக்குற விஷயத்துல யாரும் பாதி உண்மையை நம்பி காசையும் உடம்பையும் விட்டுறக் கூடாதுங்குறது தான் என் கவலை.

முதல்லயே என் கருத்தை சொல்லிடறேன். இது நல்ல தானியம், ஆராய்ச்சியும் நிறைய இருக்கு, ஆனா சுகருக்கு மருந்துன்னு சொல்ற அளவுக்கு ஆதாரம் இல்ல. பயிரா பார்த்தா நம்ம மேட்டு ஊர்ல பத்து சென்ட்ல சோதனை பண்ணிப் பாக்கலாம், ராகியையும் சாமையையும் எடுத்துட்டு இதைப் போடற வேலை வேண்டாம்.

ஸ்டெப் 1: எது டார்ட்டரின்னு முதல்ல தெரிஞ்சுக்குங்க

பக்வீட்னு பேர்ல வீட் இருந்தாலும் இது கோதுமை சொந்தமே கிடையாது, புல் வகையே இல்ல. நம்ம சுக்கான் கீரை இருக்கு பாருங்க, அந்தக் குடும்பம். அதனால குளூட்டன் இல்ல. இதுல பயிர் பண்றது ரெண்டு வகை. ஒண்ணு சாதாரண பக்வீட், வடக்கே நவராத்திரி விரதத்துக்கு குட்டு மாவுன்னு சாப்பிடுறாங்களே அது. இன்னொண்ணு டார்ட்டரி, தாவரப் பேர் ஃபாகோபைரம் டாட்டாரிக்கம், இமயமலைப் பக்கம் பாப்பர்னு சொல்றது. நம்ம ஊர் சூப்பர் மார்க்கெட்ல பக்வீட்னு பாக்கெட் போட்டு விக்கிறது பெரும்பாலும் முதல் வகை. ஆராய்ச்சியில பேசுறது ரெண்டாவது வகையா இருக்கும், வீட்டுக்கு வாங்கிட்டு வர்றது முதல் வகையா இருக்கும், இங்க தான் பாதிப் பேர் ஏமாந்து போறாங்க.

எப்படி கண்டுபிடிக்கிறது? தோலோட இருக்குற விதையைப் பாருங்க. சாதாரண பக்வீட் விதை மூணு பட்டையா, ஓரம் கூர்மையா, பக்கம் வழவழன்னு இருக்கும். டார்ட்டரி விதை அதைவிட சின்னது, சொரசொரன்னு மங்கலா சாம்பல் கலந்த நிறத்துல இருக்கும், பக்கத்துல நீளமா ஒரு பள்ளம் ஓடும். செடியா பார்த்தா இன்னும் சுலபம், சாதாரண வகையில வெள்ளையோ ரோஸோ பெருசா பூ பூத்து தேனீ மொய்க்கும், டார்ட்டரி பூ பச்சை கலந்து ரொம்ப சின்னதா இருக்கும், உத்துப் பாத்தா தான் தெரியும்.

மாவா இருந்தா வேற வழி. ஒரு ஸ்பூன் மாவுல பச்சைத் தண்ணி ஊத்தி பிசைஞ்சு பத்து நிமிஷம் வைங்க. நிறம் மஞ்சள் பக்கமா திரும்பி, நாக்குல வச்சா நல்லா கசந்தா டார்ட்டரி. கசப்பே இல்லைன்னா ஒண்ணு அது சாதாரண வகை, இல்லைன்னா ஏற்கனவே வறுத்தோ வேகவச்சோ அரைச்ச மாவு. இந்தக் கசப்பு எங்கேர்ந்து வருதுங்குறது தான் இந்தத் தானியத்தோட முக்கியமான விஷயமே, கீழ சொல்றேன்.

ஸ்டெப் 2: ருட்டின் கணக்கு போடுங்க

டார்ட்டரிக்கு இவ்வளவு பேர் வந்ததுக்கு காரணம் ருட்டின்ங்குற ஒரு ஃப்ளேவனாய்டு, அதாவது செடிகள்ல இயற்கையா இருக்குற ஒரு வகைப் பொருள். சாதாரண பக்வீட் விதையில இது ரொம்ப சொற்பம், 0.01 சதவீதம் அளவு தான். டார்ட்டரி விதையில 0.8லேர்ந்து 1.7 சதவீதம் வரைக்கும் அளந்திருக்காங்க. கிட்டத்தட்ட நூறு மடங்கு. ருட்டின் மேல ஆர்வம் புதுசு கிடையாது, 1940கள்லயே அமெரிக்காவுல சின்ன ரத்தக்குழாய் பலவீனத்துக்கு இதைக் கொடுத்துப் பாத்திருக்காங்க, அதுக்காகவே பக்வீட் செடியிலேர்ந்து ருட்டினைப் பிரிச்செடுக்குற ஆராய்ச்சி அவங்க விவசாயத்துறை லேப்ல நடந்துச்சு.

இப்ப கணக்குக்கு வாங்க. ஒரு சதவீதம் ருட்டின் இருக்குற மாவு 40 கிராம் சாப்பிட்டா அதிகபட்சம் 400 மில்லிகிராம் ருட்டின். அதே தானியத்தை வறுத்து டீயா போட்டா? ஒரு கப்புக்கு 5 கிராம் போடுறீங்கன்னு வைங்க, அதுல மொத்தமே 50 மில்லிகிராம் தான் இருக்கு. ருட்டின் தண்ணியில சரியா கரையாத பொருள், சுடுதண்ணியில கொஞ்சம் கரையும், அப்படிப் பார்த்தா கப்புக்குள்ள வர்றது அந்த 50லயும் ஒரு பங்கு தான். ஆராய்ச்சியில மனுஷங்களுக்குக் கொடுத்த அளவு எவ்வளவுன்னு அடுத்த ஸ்டெப்ல பாருங்க, டீயால அந்த அளவை எட்டுறது எவ்வளவு கஷ்டம்னு நீங்களே புரிஞ்சுக்குவீங்க. டீ ருசியா இருக்கு, சர்க்கரை போடாம குடிக்க முடியுது, காபியில ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு குடிக்கிறதுக்கு பதிலா இது நல்லது, அந்த அளவுல குடிங்க. மாத்திரைக்கு பதிலா குடிக்காதீங்க.

ஸ்டெப் 3: மனுஷங்க மேல நடந்த ஆராய்ச்சியை மட்டும் தனியா பிரிச்சுப் பாருங்க

டார்ட்டரி பத்தி வர்ற ஆய்வுகள்ல பெரும்பாலானது லேப்ல செல் மேலயும் எலி மேலயும் பண்ணது. பல ஆய்வுகள்ல எலிக்கு தானியத்தைக் கொடுக்காம அதுலேர்ந்து எடுத்த சாறைக் கெட்டியா கொடுத்திருப்பாங்க. "ஆராய்ச்சியில நிரூபிக்கப்பட்டது"ன்னு பாக்கெட்ல போட்டிருந்தா உங்க முதல் கேள்வி எலியா மனுஷனாங்குறதா இருக்கணும். மனுஷங்க மேல நடந்ததுல எனக்கு முக்கியமா பட்டது மூணு.

முதல்ல சீனாவுல சிச்சுவான் மாகாணம் லியாங்ஷான் பகுதியில இருக்குற யீ இன மக்கள். மலையில இருக்குறவங்க, தலைமுறை தலைமுறையா டார்ட்டரி தான் அவங்களுக்கு சாப்பாடு. அங்க 850 பேரை வச்சுப் பண்ண ஆய்வு 1995ல வந்துச்சு. பக்வீட் அதிகம் சாப்பிட்டவங்களுக்கு மொத்தக் கொலஸ்ட்ராலும், எல்டிஎல்னு சொல்ற கெட்ட கொலஸ்ட்ராலும் குறைவா இருந்துச்சு. ஆனா இது பாத்து எழுதுன ஆய்வு, யாருக்கும் கொடுத்துப் பாத்தது இல்ல. பக்வீட் நிறைய சாப்பிடுறவர் மலையேறி இறங்கி உழைக்கிறவராவும் இருக்கலாம், எண்ணெய் கம்மியா சேக்கிறவராவும் இருக்கலாம், எதால கொலஸ்ட்ரால் கம்மியாச்சுன்னு இதை மட்டும் வச்சு அடிச்சு சொல்ல முடியாது.

ரெண்டாவது, ஸ்வீடன்ல குழந்தைகள் காப்பகத்துல வேலை பாக்குற 62 பெண்களுக்கு பிஸ்கட் கொடுத்துப் பாத்தது, 2011ல வெளிவந்துச்சு. ரெண்டு வாரம் டார்ட்டரி பிஸ்கட், ரெண்டு வாரம் சாதாரண பக்வீட் பிஸ்கட், எது எதுன்னு சாப்பிட்டவங்களுக்கும் தெரியாது கொடுத்தவங்களுக்கும் தெரியாது. டார்ட்டரி பிஸ்கட்ல ஒரு நாளைக்கு சுமார் 360 மில்லிகிராம் ருட்டின் அளவு போச்சு. உடம்புல அழற்சியைக் காட்டுற மைலோபெராக்சிடேஸ் டார்ட்டரி சாப்பிட்டப்ப குறைஞ்சுது. கொலஸ்ட்ரால் ரெண்டு பிஸ்கட்லயும் குறைஞ்சுது. இதை நிதானமா யோசிங்க, ருட்டின் கம்மியா இருக்குற சாதாரண வகையிலயும் கொலஸ்ட்ரால் குறைஞ்சிருக்குன்னா எல்லாப் பெருமையையும் ருட்டினுக்கே கொடுக்க முடியாது, நார்ச்சத்து, புரதம், மெதுவா செரிக்கிற ஸ்டார்ச்னு தானியத்துல மத்ததும் வேலை செஞ்சிருக்கலாம். பக்வீட்டே இல்லாத பிஸ்கட் சாப்பிட்ட ஒரு குரூப்பும் அங்க இல்ல.

மூணாவது தான் நம்ம சுகர்க்காரங்களுக்கு ரொம்ப முக்கியம். சீனாவுல டைப் 2 சர்க்கரை இருக்குற 165 பேரை ரெண்டு குழுவா பிரிச்சு, ஒரு குழுவுக்கு தினசரி சாப்பிடற தானியத்துல ஒரு பங்குக்கு பதிலா டார்ட்டரி கொடுத்து 4 வாரம் பாத்தாங்க, 2016ல வந்துச்சு. டார்ட்டரி சாப்பிட்டவங்களுக்கு வெறும் வயித்து இன்சுலின், மொத்தக் கொலஸ்ட்ரால், எல்டிஎல் குறைஞ்சுது. ஆனா ரத்தத்துல சர்க்கரை அளவுலயும் எச்பிஏ1சியிலயும் ரெண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் வரல. இந்த ரெண்டாவது வரியை எந்த விளம்பரமும் சொல்லாது. எச்பிஏ1சிங்குறது ரெண்டு மூணு மாசத்து சராசரி, 4 வாரத்துல அது அசையறதே கஷ்டம் தான், அதனால பலனே இல்லைன்னும் முடிவு கட்டக் கூடாது. நீளமா, பெருசா ஆய்வு வேணும். அது வர்ற வரைக்கும் "சுகரைக் குறைக்கும்"னு சொல்லி விக்கிறது நியாயமில்ல, நான் என் பாக்கெட்ல அந்த வரியைப் போட மாட்டேன்.

இன்னொண்ணும் கவனிங்க. இந்த ஆய்வுல டார்ட்டரியை *பதிலா* கொடுத்தாங்க, கூடுதலா கொடுக்கல. மூணு வேளை சோத்தையும் அப்படியே சாப்பிட்டுட்டு மேல ஒரு கப் பக்வீட் கஞ்சி குடிச்சா அது ஆய்வுல நடந்ததே இல்ல, கூடுதல் மாவுச்சத்து தான் உள்ள போகுது.

ஸ்டெப் 4: யாரு சாப்பிடக் கூடாது, யாரு பாத்து சாப்பிடணும்

பக்வீட் அலர்ஜி உண்மையான விஷயம். ஜப்பான், கொரியாவுல இது முக்கியமான உணவு அலர்ஜி, மூச்சு அடைச்சு உயிருக்கே ஆபத்தாகற அளவுக்கு போகும். நம்ம ஊர்ல இதைச் சாப்பிட்டுப் பழக்கம் இல்லைங்குறதால யாருக்கு அலர்ஜி இருக்குன்னு யாருக்கும் தெரியாது. அதனால முதல் தடவை ஒரு ஸ்பூன் அளவு, பகல் நேரத்துல, வீட்ல ஆள் இருக்கும்போது சாப்பிடுங்க. வாய் அரிப்பு, தடிப்பு, முகம் வீங்குறது, மூச்சு வாங்குறது எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி, அப்புறம் அந்தப் பக்கமே போகாதீங்க. ஏற்கனவே ஆஸ்துமாவோ வேற சாப்பாட்டு அலர்ஜியோ இருக்குறவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டே தொடங்குங்க. சின்னப் புள்ளைங்களுக்கு இதைக் கொடுத்துப் பாக்குற அவசரம் வேண்டாம்.

சுகர் மாத்திரை, இன்சுலின், ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கறவங்க சாப்பாட்டை மாத்தறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

இலையிலயும் பூவுலயும் ஃபாகோபைரின்னு ஒரு பொருள் இருக்கு. நிறைய சாப்பிட்டுட்டு வெயில்ல நின்னா தோல் எரியும், சிவந்து போகும். வெள்ளாடு செம்மறி மாடுகள்ல வெள்ளைத் தோல் இருக்குறதுக்கு இந்தப் பாதிப்பு வெளிப்படையாவே தெரியும். தானியத்துல இது பிரச்சினை இல்ல. ஆனா முளைக்கட்டி பச்சை ஜூஸ் போட்டு தினமும் குடிங்கன்னு யாராவது சொன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க, சோதனை வயல்ல அறுத்த பச்சைச் செடியை ஆட்டுக்கு தீனியா போடவும் வேண்டாம்.

மாவு வாங்குறவங்க தேதி பாருங்க. பக்வீட் மாவு சீக்கிரம் காரல் அடிக்கும். 2011ல நவராத்திரி சமயத்துல டெல்லியில கெட்டுப்போன குட்டு மாவு சாப்பிட்டு நூத்துக்கணக்கான பேர் ஆஸ்பத்திரிக்கு போனாங்க. தானியமா வாங்கி கொஞ்சம் கொஞ்சமா அரைச்சுக்கறது தான் நல்லது.

ஸ்டெப் 5: சமையல் – இங்க தான் நம்ம களி ஜெயிக்குது

இதை எழுதணும்னு தோணுனதே இந்த ஒரு விஷயத்துக்காகத் தான், நிதானமா படிங்க.

டார்ட்டரி தானியத்துக்குள்ள ருட்டினும் இருக்கு, அந்த ருட்டினை உடைக்கிற ருட்டினோசிடேஸ்ங்குற என்சைமும் இருக்கு. முழு விதையில ரெண்டும் வேற வேற இடத்துல, ருட்டின் உள்பக்கம் முளைக்கருவுல, என்சைம் பெரும்பாலும் மேல விதையுறையில. ரெண்டும் தனியா இருக்குற வரைக்கும் எதுவும் நடக்காது. அரைச்சு மாவாக்கி பச்சைத் தண்ணி ஊத்துன உடனே ரெண்டும் சேந்து, சில நிமிஷத்துலயே ருட்டின்ல பெரும்பகுதி குவெர்செட்டின்ங்குற இன்னொரு ஃப்ளேவனாய்டா மாறிடுது. அந்த நேரத்துல தான் அந்தக் கடும் கசப்பும் வருது. ஸ்லோவேனியாவுல ஐவன் கிரெஃப்ட்னு ஒரு ஆராய்ச்சியாளரும் அவரோட சேந்தவங்களும் டார்ட்டரி ரொட்டி சுட்டு அளந்து பாத்திருக்காங்க, மாவு பிசைஞ்சு புளிக்க வைக்கும்போதே ருட்டின் போயி குவெர்செட்டின் தான் மிஞ்சுச்சு.

குவெர்செட்டின் ஆனா கெட்டுப் போச்சுன்னு அர்த்தமில்ல, அதுவும் நல்ல பொருள் தான், உடம்புல சீக்கிரமா ஏறக்கூடியது. ருட்டின் குடல்ல கீழ வரைக்கும் போயி அங்க இருக்குற பாக்டீரியா உடைச்சப்புறம் தான் உடம்புல சேரும், அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். ஆனா கசப்பு வந்துட்டா வீட்ல யாரும் ரெண்டாவது வாய் வைக்க மாட்டாங்க, அதான் பிரச்சினை.

வழி என்னன்னா என்சைமை சூட்டுல செயலிழக்க வைக்கணும். நம்ம களி கிண்டுற முறையைப் பாருங்க, தண்ணி தளதளன்னு கொதிக்கும்போது மாவை அப்படியே கொட்டுறோம். என்சைமுக்கு வேலை பாக்க நேரமே கிடைக்கிறதில்ல. சப்பாத்திக்கு பிசைஞ்சு அரை மணி நேரம் ஊற வைக்கிறதும், தோசைக்கு ராத்திரி பூரா புளிக்க வைக்கிறதும், கூழுக்கு கரைச்சு வைக்கிறதும் இதுக்கு நேர் எதிர். அதனால டார்ட்டரியை முதன்முதலா சாப்பிடறவங்க களியிலயே தொடங்குங்க.

நான் சொல்ற அளவு மூணு பங்கு ராகி மாவு, ஒரு பங்கு டார்ட்டரி மாவு. ரெண்டையும் உலர்ந்த நிலையிலயே நல்லா கலந்துக்குங்க, தண்ணியில கரைக்க வேண்டாம். எப்பவும் போல நொய் போட்டு வேக வச்சு, தண்ணி நல்லா கொதிக்கும்போது மாவைக் குவியலா கொட்டி, நடுவுல துடுப்பால குத்தி விட்டு, மூடி வேக வச்சு, அப்புறம் கட்டியில்லாம கிண்டி எடுங்க. ராகி மட்டும் போட்ட களியைவிட கொஞ்சம் வழவழப்பா, உருட்டும்போது கையில ஒட்டுற மாதிரி இருக்கும், கையில தண்ணியைத் தொட்டுக்கிட்டு உருட்டுங்க. லேசா ஒரு கசப்பு நிக்கும். கீரைக் கடைசலோ கொள்ளுக் குழம்போ ஊத்துனா அது தெரியாது. ராகியை முழுசா எடுத்துறாதீங்க, ராகியில 100 கிராமுக்கு 364 மில்லிகிராம் கால்சியம் இருக்கு, பக்வீட் அதுல கிட்டக்கூட வராது. பக்வீட்டோட பலம் வேற, புரதம் ராகியைவிட அதிகம், அதுலயும் தானியங்கள்ல பொதுவா கம்மியா இருக்குற லைசின் இதுல நல்லா இருக்கு. ரெண்டும் ஒண்ணா இருந்தா ஒண்ணோட குறையை இன்னொண்ணு நிரப்பும்.

முழு தானியமா கிடைச்சா இன்னும் நல்ல வழி இருக்கு. நெல்லு புழுக்குற மாதிரியே தான், தோலோட ஊற வச்சு, ஆவியில வேக வச்சு, நிழல்ல காய வச்சு, அப்புறம் உடைச்சு தோலெடுத்து அரைக்கிறது. விதை உடையாம இருக்கும்போதே ஆவி உள்ள போயி என்சைமை முடிச்சுடறதால ருட்டினும் நிக்கும், கசப்பும் குறையும், தோலும் சுலபமா கழண்டு வரும். டார்ட்டரிக்கு தோல் ரொம்ப இறுக்கம், பச்சையா மெஷின்ல போட்டா பாதி நொறுங்கிடும், அதனால இந்த வேலை அவசியம். வெறும் வாணலியில வறுக்கிறதும் உதவும், ஆனா ஈரச் சூடு அளவுக்கு உலர்ந்த சூடு என்சைமை அடக்காது. அரைச்சப்புறம் ரொம்ப சன்னமா சலிச்சு தவிட்டை எறிஞ்சுடாதீங்க, அரைக்கும்போது முளைக்கருவும் பெரும்பாலும் தவிட்டோட தான் சேரும், அதனால ருட்டின் நிறைய இருக்குறது அந்தப் பகுதியில தான்.

கசப்புக்கு விதை ரகத்துலயே தீர்வு கண்டுபிடிச்சது ஜப்பான்காரங்க. நேபாளத்துலேர்ந்து போன ஒரு விதையில இந்த என்சைம் ரொம்ப சொற்பமா இருக்குறதைப் பாத்து, அதை ஹொக்கைடோ ரகத்தோட கலந்து மான்டென் கிராரின்னு ஒரு ரகம் கொண்டு வந்தாங்க. தண்ணி ஊத்துனாலும் ருட்டின் அப்படியே நிக்குது, கசப்பும் இல்ல. நம்ம நாட்டு விதை வங்கிகள்லயும் இமயமலை ரகங்கள் நிறைய இருக்கு, யாராவது இந்தக் குணத்துக்காகவே தேடிப் பாத்தா எவ்வளவு நல்லாருக்கும்.

ஸ்டெப் 6: பயிர் பண்ணலாமா – முதல்ல உங்க ஊர் உயரத்தையும் சூட்டையும் பாருங்க

டார்ட்டரி குளிர் மலைப் பயிர். தென்மேற்கு சீனா, திபெத், நேபாளம், பூட்டான், நம்ம நாட்டுல லடாக், இமாச்சல், உத்தரகாண்ட், சிக்கிம், அருணாச்சல்னு 1500 மீட்டருக்கு மேல தான் இதோட வீடு. மண் ஏழையா இருந்தாலும் புளிப்பா இருந்தாலும் தாங்கும், குளிர் தாங்கும். தாங்காதது ரெண்டு: தண்ணி தேங்குறது, பூக்கும்போது வெயில். பூ நேரத்துல 30 டிகிரி தாண்டுனா பூ உதிரும், மணி பிடிக்காம சப்பையா போகும்.

இதை நம்ம வரைபடத்துல வச்சுப் பாத்தா தருமபுரி டவுன், காரிமங்கலம், காவேரிப்பட்டணம், ஊத்தங்கரை எல்லாம் சரிப்படாது, அங்க இருக்குறவங்க இந்த ஸ்டெப்பை விட்டுட்டு சாப்பிடறதோட நிறுத்திக்குங்க. ஓசூர் சுமார் 900 மீட்டர், தளி, தேன்கனிக்கோட்டை மேட்டுப் பகுதி, பெட்டமுகிலாளம், இந்தப் பக்கம் வத்தல்மலை, சித்தேரி, இங்கெல்லாம் கார்த்திகை மார்கழியில பகல் சூடு 30க்கு கீழ நிக்கும், ராத்திரி நல்லா குளிரும். வாய்ப்பு இருக்குற இடம் இது மட்டும் தான். தெற்குல பக்வீட் கேள்விப்படாததும் இல்ல, நீலகிரி பழனி மலைகள்ல கொஞ்சம் இருந்ததா விதைத் துறை பதிவுகள் சொல்லுது. சத்தீஸ்கர்ல மைன்பாட்னு சுமார் ஆயிரம் மீட்டர் மேட்டு நிலத்துல திபெத்திய அகதிகள் கொண்டு வந்த பக்வீட் இன்னைக்கும் விளையுது, ஆனா அது சாதாரண வகை, டார்ட்டரி இல்ல.

ஸ்டெப் 7: விதை

கடையில வாங்குன தோல் நீக்குன பக்வீட் விதைப்புக்கு ஆகாது, டீக்கு வறுத்தது செத்துப் போன விதை. ஆன்லைன்ல வெளிநாட்டு விதை ஆர்டர் பண்ணாதீங்க, 2003 தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி அனுமதி இல்லாம விதை கொண்டு வர்றது குத்தம், புது நோயும் களையும் கூட வரும். நம்ம நாட்டுலயே ஹிம்பிரியா, சங்லா பி1னு டார்ட்டரி ரகங்கள் இருக்கு, சிம்லாவுல இருக்குற என்பிபிஜிஆர் (தேசிய தாவர மரபணு வள மையம்) நிலையம் இந்தப் பயிர்ல வேலை பாக்குது. தனியாளா கேக்குறதைவிட பாப்பாரப்பட்டி கேவிகே (வேளாண் அறிவியல் நிலையம்), எலுமிச்சங்கிரி கேவிகே, பையூர் ஆராய்ச்சி நிலையம் இவங்க மூலமா எழுதிக் கேளுங்க. சாமை, ராகி, கொள்ளுல புது ரகம் கொடுத்த நிலையம் பையூர், நம்ம மானாவாரி நிலம் அவங்களுக்கு அத்துப்படி, சோதனைன்னு போனா பேச்சுக்கு காது கொடுப்பாங்க.

வந்த விதையில நூறு எண்ணி ஈரத்துணியில சுத்தி ஒரு வாரம் வைங்க. எத்தனை முளைக்குதோ அதுக்குத் தக்கபடி விதை அளவைக் கூட்டிக்கலாம்.

ஸ்டெப் 8: பத்து சென்ட் சோதனை

ஐப்பசி முதல் வாரம் விதைப்புக்கு பாருங்க. புரட்டாசியில நம்மூர்ல மழை அதிகம், அப்ப போட்டா நாத்து அழுகும். ஐப்பசியில போட்டா கார்த்திகை மார்கழிக் குளிர்ல பூத்து, தை மாசம் அறுப்புக்கு வரும், மொத்தத்துல மூணு மாசப் பயிர். பகல் நேரம் குறையும்போது இது சீக்கிரம் பூக்குற குணம் உள்ளது, அதனால செடி இமயமலையில வர்ற உயரம் வராம குட்டையா நிக்கலாம், கொஞ்சம் நெருக்கமாவே விதைங்க. வரிசைக்கு வரிசை ஒரு அடி, விதை ரெண்டு மூணு சென்டிமீட்டர் ஆழம், பத்து சென்டுக்கு ஒன்றரை கிலோ விதை போதும்.

களிமண்ணும் பள்ளமும் வேண்டாம், தண்ணி வடியுற செம்மண் மேடு பாருங்க. மக்குன தொழு உரம் போதும். யூரியா போட்டீங்கன்னா தண்டு மெலிஞ்சு நீண்டு, புயல் மழை ஒண்ணு வந்தாலே படுத்துடும். இருபது நாள்ல ஒரு களை, அதுக்கப்புறம் செடியே மூடிக்கும். மழை நின்னு போனா பூக்குற நேரத்துல ஒரு தண்ணி கொடுங்க. டார்ட்டரி தன் மகரந்தத்துலயே காய்க்கிறதால தேனீ இல்லைன்னாலும் மணி பிடிக்கும், சாதாரண பக்வீட்டுக்கு அந்த வசதி இல்ல, அதுக்கு தேனீ வேணும்.

பக்கத்துலயே அதே அளவு நிலத்துல சாமையோ கொள்ளோ போடுங்க. தனியா பக்வீட் மட்டும் போட்டு "வந்துச்சு"ன்னு சொன்னா அதுக்கு மதிப்பில்ல, அதே மண்ணுல அதே மழையில சாமை என்ன கொடுத்துச்சுங்குறது தெரிஞ்சா தான் லாபமா நட்டமான்னு சொல்ல முடியும்.

காட்டோரம் இருக்குற தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, தளிக்காரங்களுக்கு ஒண்ணு சொல்லணும். பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டம் ராகி அறுப்பு சமயத்துல தான் இந்தப் பக்கம் வருது, சோதனை வயலும் சரியா அந்த மாசத்துல தான் நிக்கும். ஊரை ஒட்டுன நிலமா பாருங்க, ராத்திரி காவலுக்குப் போற அளவுக்கு பத்து சென்ட் பக்வீட் பெறுமானம் இல்ல.

ஸ்டெப் 9: அறுப்பு

எல்லா மணியும் ஒண்ணா முத்தாது, மேல பூ இருக்கும்போதே கீழ மணி பழுத்து நிக்கும். எல்லாம் முத்தட்டும்னு காத்திருந்தா கீழ இருக்குறது கொட்டிப் போகும். நாலுல மூணு பங்கு மணி கறுத்ததும் விடியக்காலைப் பனி ஈரம் இருக்கும்போதே அறுத்து, சின்னக் கட்டா நிமித்தி வச்சு காய வச்சு, தார்ப்பாய் விரிச்சு தடியால தட்டுங்க. மணி நல்லா காஞ்சப்புறம் மூட்டை கட்டுங்க. உலக அளவுல பக்வீட் சராசரி விளைச்சலே ஹெக்டேருக்கு ஒரு டன் பக்கம் தான், வேற ஊர் பயிருக்கு நம்ம மண்ணுல முதல் வருஷமே அது வரும்னு எதிர்பாக்காதீங்க.

ஸ்டெப் 10: நோட்டுல என்ன எழுதணும்

விதைச்ச தேதி, முளைச்ச தேதி, முதல் பூ தேதி. பூ தொடங்குன நாள்லேர்ந்து மணி முத்துற வரைக்கும் தினமும் அதிக சூடு, குறைஞ்ச சூடு, இதுக்கு வயல் நிழல்ல ஒரு சாதாரண தெர்மாமீட்டர் போதும். பெய்ஞ்ச மழை. அறுத்தப்புறம் கைப்பிடி மணி எடுத்து தண்ணியில போட்டு, மிதக்குற சப்பை எத்தனை, மூழ்குறது எத்தனைன்னு எண்ணி எழுதுங்க. சப்பை அதிகமா இருந்து, பூ நேரத்துல சூடும் 30 தாண்டியிருந்தா காரணம் கிட்டத்தட்ட தெரிஞ்சு போச்சு, அடுத்த வருஷம் ரெண்டு வாரம் தள்ளிப் போட்டுப் பாருங்க. சூடு குறைவா இருந்தும் சப்பைன்னா மண்ணையோ தண்ணியையோ ரகத்தையோ பாக்கணும்.

ரெண்டு பருவம் இப்படி எழுதுன நோட்டும் கால் கிலோ தானியமும் எடுத்துட்டு பையூருக்கோ உங்க கேவிகேக்கோ போங்க, ருட்டின் அளவு பாக்க எந்த லேபுக்கு அனுப்பலாம்னும் அங்கயே கேளுங்க. சூடான ஊர்ல விளைஞ்ச மணியில ருட்டின் எவ்வளவு நிக்குதுங்குறது விளைச்சல் அளவுக்கே முக்கியம், அந்த எண்ணு கைக்கு வர்றதுக்கு முன்னாடி யார்கிட்டயும் முன்பணம் வாங்காதீங்க, திரும்ப வாங்கிக்கிறோம்னு விதை விக்க வர்றவங்ககிட்ட கையெழுத்தும் போடாதீங்க.